அது வயிறு நிறைந்தவன் பாட்டு இல்லை, ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையை இருபது வருஷம் டீக்கடையில் ஓசியிலும், அதற்கப்புறம் காசு கொடுத்தும் படித்து வருகிறவன் நான். கே.புதூரில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், உதவிக்கு ஒரு பையன். இதற்கு முன் உங்களுக்கு ஒரே ஒரு தடவைதான் எழுதியிருக்கிறேன், அதுவும் தெருவிளக்கு எரியாததற்காக.

இப்போது எழுத வைத்தது ஞாயிற்றுக்கிழமை வாசகர் பகுதியில் வந்த ஒரு கடிதம். ராக் இசை என்பது இங்கிலீஷ் மீடியம் படித்த, வயிறு நிறைந்த வீட்டுப் பிள்ளைகளின் கூச்சல், நம்மூர்க் காதுக்கு அது ஒட்டாது என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். கூச்சல் என்றதில் எனக்குச் சண்டை இல்லை. என் வீட்டிலேயே அப்படித்தான் சொல்கிறார்கள். 'வயிறு நிறைந்த வீட்டுப் பிள்ளைகள்' என்றாரே, அதுதான் மூன்று நாளாகத் தொண்டையில் முள் மாதிரி நிற்கிறது.

நான் தமிழ் மீடியம். ஐ.டி.ஐ.யில் டர்னர் முடித்துவிட்டு 1986-ல் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் கேசட் பதிவு செய்து தரும் கடை இருந்தது. வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் அடித்துத் தருவார்கள். என் பட்டியலில் எல்லாம் இளையராஜாதான். பண்ணைப்புரம் அன்றைக்கு எங்கள் மதுரை மாவட்டம். தேனி தனியாகப் பிரிந்தது 1996-ல்தான். அதனால் சொந்தக்காரப் பெருமையும் கொஞ்சம் உண்டு. ஒரு சனிக்கிழமை கூலி வாங்கிய கையோடு போய் நிற்கிறேன், கடைக்கார அண்ணன் என் பட்டியலைத் தொலைத்துவிட்டார். "கோவிச்சுக்காதப்பா. காலேஜ் பையன் ஒருத்தன் அடிக்கச் சொல்லிட்டு வாங்க வரவே இல்ல. இதக் கொண்டுபோய்க் கேளு, பிடிக்கலேன்னா இது மேலயே உன் பாட்ட அடிச்சுத் தர்றேன்" என்று ஒரு டிடிகே 90 கேசட்டை நீட்டினார்.

ஏ சைடில் பிளாக் சபாத் என்ற ராக் குழுவின் 'பாரனாய்டு' ஆல்பம், 1970-ல் வந்தது. பி சைடில் பிங்க் ஃப்ளாய்டு குழுவின் 'த டார்க் சைடு ஆஃப் த மூன்', 1973. கேசட்டில் பக்கத்துக்கு 45 நிமிஷம். ஆல்பங்கள் 42, 43 நிமிஷம். மிச்ச டேப் சும்மா ஓடினால் அண்ணனுக்குப் பொறுக்காது. ஏ சைடின் வாலில் ஒரு இளையராஜா பாட்டை அடைத்திருந்தார். பல்லவி முடிந்து சரணம் எடுக்கப்போகிற இடத்தில் டக்கென்று நின்றுவிடும். இன்றைக்கும் 'பாரனாய்டு' எங்கே கேட்டாலும், முடிந்ததும் என் காது அந்தப் பாதிப் பாட்டுக்காகக் காத்து நிற்கிறது.

முதல் நாளே பிடித்துவிட்டது என்று சொன்னால் பொய். வார்த்தை பாதிக்கு மேல் புரியவில்லை. இப்போதும் புரிவதில்லை, புரிந்த மாதிரி நடித்ததும் இல்லை. பட்டறையில் இருந்த டூ-இன்-ஒன்னில் போட்டுவிட்டு வேலை பார்ப்பேன். 'பாரனாய்டு' ஆல்பத்தில் ஒரு பாட்டு வெறும் டிரம் மிதியோடு ஆரம்பிக்கும். தம், தம், தம் என்று. பக்கத்து ஷெட்டில் பவர் பிரஸ் விழுகிற அதே கனம். பிரஸ் எது, பாட்டு எது என்று ஒரு நிமிஷம் குழம்பும். அப்புறம் கிதார் வரும். உளி மழுங்கிப்போய் வார்ப்பிரும்பில் உராய்ந்தால் ஒரு அடிக்குரல் எழும்பும், லேத் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். அந்தக் குரல். இதை வாசிக்கிறவன் பட்டறைச் சத்தம் தெரிந்தவன் என்று அப்போதே தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை, சிரிப்பார்கள்.

1988-ல் ஒரு நாள் பிரஸ் ஓட்டுகிறவர் லீவு. என்னை உட்கார வைத்தார்கள். இடது கை மோதிர விரல், நகத்தோடு போனது. முதலாளி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஒரு வாரச் சம்பளமும் கொடுத்தார். அவ்வளவுதான் கதை, நீட்ட விருப்பமில்லை.

பதினைந்து, பதினாறு வருஷம் கழித்து என் மகன் பிரவுசிங் சென்டரிலிருந்து நாலு பக்கம் பிரிண்ட் எடுத்து வந்து படித்துச் சொன்னபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிளாக் சபாத்தின் கிதார்காரர் டோனி அயோமி, இங்கிலாந்தில் பர்மிங்காம் ஊர்க்காரர். பதினேழு வயதில் தகரப் பட்டறையில் வேலை. பாட்டுக் குழுவோடு வெளியூர் போவதற்காக வேலையை விடுகிறார், அன்றுதான் கடைசி நாள். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர் இனிப் போகவில்லை என்றாராம். வேலையை ஒழுங்காக முடித்துக் கொடுத்துவிட்டு வா என்று அம்மா திருப்பி அனுப்பியிருக்கிறார். வழக்கமாக அந்த மெஷினில் நிற்கிற ஆள் வராததால் இவரை நிறுத்தினார்கள். வலது கை நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போயிற்று. அவர் இடதுகைப் பழக்கம் உள்ளவர், கம்பியை அழுத்துவது அந்த வலது கைதான்.

மாற்று ஆள் உட்கார்ந்த அன்றுதான் விரல் போகும். பட்டறை தெரிந்தவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு மலைப்பு. பாத்திரம் கழுவும் திரவம் வருகிற பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, உருண்டையாக்கி, சால்டரிங் அயர்னால் துளை போட்டு, விரலுக்குச் சேரும் வரை தேய்த்து, மேலே பழைய ஜாக்கெட்டின் தோலை வெட்டி ஒட்டி, விரல் நுனிக்குத் தொப்பி செய்துகொண்டார். வலி குறைய மெல்லிய கம்பி போட்டார். மூன்றாவது ஆல்பத்தில் கிதாரின் சுருதியையே ஒன்றரைக் கட்டை இறக்கிவிட்டார், கம்பி தளர்ந்தால் விரலுக்குச் சுமை குறையுமே. உலகமே 'ஹெவி மெட்டல்' என்று கொண்டாடுகிற அந்தக் கனத்த ஓசைக்குள் ஒரு தொழிலாளியின் அறுந்த விரல் இருக்கிறது. இதில் எங்கே ஐயா வயிறு நிறைந்தது?

எங்கள் தெருவில் ஒரு தவில்காரர் இருக்கிறார். எழுபது வயதுக்கு மேல். இந்த விரல் தொப்பிக் கதையை அவரிடம் வியந்து சொன்னேன். அவர் வியக்கவே இல்லை. உள்ளே போய் ஒரு டப்பாவை எடுத்து வந்து திறந்து காட்டினார். தவில் வாசிக்கும்போது வலது கை விரல்களில் மாட்டிக்கொள்ளும் கூடு. துணியைச் சுற்றிப் பசை தடவிக் காயவைத்தது, கல் மாதிரி இருந்தது. "இத நாங்க பரம்பரையாப் போடுறோம் தம்பி. அவரு தோல் ஒட்டினாராக்கும்? நல்ல யோசனைதான்" என்றார். ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரரைப் பற்றிப் பேசுகிற தொனி.

பிளாக் சபாத்தின் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் இளம் வயதில் கறிக்கு மாடு வெட்டும் கூடத்தில் வேலை பார்த்தவர். அதோடு லூகாஸ் தொழிற்சாலையில் கார் ஹார்னுக்குச் சத்தம் சரி பார்க்கிற வேலையும் பார்த்திருக்கிறார். லூகாஸ் என்ற பெயர் மதுரையில் எந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கும் தெரியும். நாள் முழுக்க ஹார்ன் சத்தம் கேட்ட காது எப்படிப் பாடும்? அப்படித்தான் பாடினார். 2025 ஜூலை 5-ம் தேதி சொந்த ஊரில், வில்லா பார்க் மைதானத்தில், உடல் தள்ளாமல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கடைசியாகப் பாடினார். குழுவின் பழைய ஆட்கள் மற்ற மூவரும் கூடவே இருந்தார்கள். ஜூலை 22-ல் காலமானார். மறுநாள் காலை பட்டறையில் முதல் வேலையாக ஏ சைடைப் போட்டேன். பையன் ஏதும் கேட்கவில்லை.

நடுவில் ஒரு வேடிக்கை. டீப் பர்ப்பிள் குழுவின் 'மெஷின் ஹெட்' (1972) கேசட்டை நான் வாங்கியதே பெயருக்காக. லேத்தில் ஹெட்ஸ்டாக் இருக்கிறதே, அது மாதிரி ஏதோ என்று நினைத்தேன். கிதாரில் கம்பியை முறுக்குகிற திருகாணிக்கு அந்தப் பெயராம். நல்ல ஆல்பம்தான், ஆனால் கிதார் வாங்கிய பையன்கள் எல்லோரும் முதலில் அதிலுள்ள ஒரு பாட்டையே வாசித்து வாசித்து எனக்குச் சலித்துவிட்டது.

லெட் ஜெப்லினின் நாலாவது ஆல்பத்தை, 1971 நவம்பரில் வந்தது, அப்படித் தள்ளிவிட முடியாது. அட்டையில் ஆல்பத்தின் பெயரும் கிடையாது, குழுவின் பெயரும் கிடையாது. முதுகில் சுள்ளிக்கட்டைச் சுமந்து குனிந்து நிற்கும் ஒரு கிழவரின் படம் மட்டும். அவர் வில்ட்ஷயர் பகுதியில் கூரை வேய்ந்து பிழைத்த ஒரு தொழிலாளி என்று 2023-ல்தான் தெரிய வந்தது. பாடகர் ராபர்ட் பிளாண்ட் ரோட்டுக்குத் தார் போடும் வேலை பார்த்தவர். டிரம்மர் ஜான் பான்ஹம் அப்பாவோடு கட்டட வேலைக்குப் போனவர்.

அதன் கடைசிப் பாட்டு, கரை உடைந்தால் என்ன செய்வது என்கிற பாட்டு. 1927-ல் அமெரிக்காவில் மிசிசிப்பி ஆறு பெருக்கெடுத்து ஊர்களை அழித்ததைப் பற்றி 1929-ல் மெம்ஃபிஸ் மின்னி, கேன்சஸ் ஜோ மெக்காய் என்ற இருவர் பாடியது. அதைத்தான் இவர்கள் எடுத்துப் பாடினார்கள். டிரம்மை ஒரு பழைய பங்களாவின் மாடிப்படிக்குக் கீழே வைத்து அடித்து, மைக்கை மேலிருந்து தொங்கவிட்டுப் பதிந்தார்கள். அந்த வீடு ஒரு காலத்தில் ஏழைகளை அடைத்து வேலை வாங்கிய விடுதி.

எனக்குச் சொந்த ஊர் திருமங்கலம் பக்கம். ஒன்பது, பத்து வயதிருக்கும். கார்த்திகை மாதம், மூன்று நாள் விடாத மழை. ராத்திரி கண்மாய்க் கரையில் கசிவு கண்டுவிட்டது என்று பறை அடித்தார்கள். அப்பா மண்வெட்டியோடு ஓடினார், பின்னாலேயே நானும். அரிக்கேன் விளக்குகள் கரை நெடுக ஆடிக்கொண்டு போகின்றன. சாக்கில் மண்ணை அள்ளி அள்ளிப் போடுகிறார்கள், வைக்கோல் பிரியைத் திணிக்கிறார்கள். பறை நிற்கவே இல்லை. அடி ஒருமுறை கேட்கும், தண்ணீர் மேல் போய்த் திரும்பி இன்னொரு முறை கேட்கும். இரண்டாவது சத்தம்தான் பயமாக இருந்தது. விடியும்போது தெற்கு மூலையில் ஓர் ஆள் நீளத்துக்குக் கரை சரிந்திருந்தது, மற்றபடி கண்மாய் நின்றது. அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டில் முதல் நாலு அடி விழுந்ததும் நான் கரையில் நிற்கிறேன், கால் சேற்றில் புதைகிறது. இங்கிலீஷ் தெரிய வேண்டியதில்லை.

அந்த மாடிப்படி டிரம் சங்கதியைத் தவில்காரரிடம் சொல்லி, எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே அவரை உட்கார வைத்து, போனை மேல் மாடிக் கம்பியில் துண்டால் கட்டித் தொங்கவிட்டுப் பதிந்தோம். என் மனைவி வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள். போட்டுக் கேட்டதும் பெரியவர் கண்ணைச் சுருக்கினார். "கீழ அடிச்சது நானு. மேல யாரு அடிக்கிறா?" என்றார்.

பி சைடையும் அவர்தான் எனக்குப் பிரித்துக் காட்டினார். பிங்க் ஃப்ளாய்டில் காசைப் பற்றி ஒரு பாட்டு. காசு குலுங்கும் சத்தம், கல்லாப்பெட்டிச் சத்தம், காகிதம் கிழியும் சத்தம் எல்லாம் ஒரு கணக்கில் சுற்றிச் சுற்றி வரும். ஒவ்வொரு சத்தத்தின் டேப்பையும் ஸ்கேல் வைத்து ஒரே அளவுக்கு வெட்டி, ஒட்டி, வளையமாக ஓடவிட்டுச் செய்தது. கம்ப்யூட்டர் இல்லாத காலம். அறுந்த கேசட் டேப்பை மனைவியின் நகப்பூச்சு வைத்து ஒட்டிப் பார்த்தவன் நான், அது எவ்வளவு நுணுக்கம் என்று தெரியும். ஆனால் அந்தக் கணக்கு என்ன என்று முப்பது வருஷமாகப் பிடிபடவில்லை. தலையாட்டினால் எங்கேயோ ஒரு இடத்தில் இடறும். தவில்காரர் ஒரு டீ குடிக்கிற நேரம் தொடையில் விரல் போட்டுப் பார்த்தார். தகிட தகதிமி, தகிட தகதிமி. "ஏழுல அடிக்கிறாய்ங்க தம்பி. மிஸ்ரம்." நடுவில் கிதார் பாய்ந்து வந்தது. "இந்தா, நாலுக்குத் தாவிட்டான்." டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். கிதார் ஓய்ந்தது. "திரும்பவும் ஏழுக்கே வந்துட்டான்யா!" என்று என் தோளில் அடித்தார். இந்த ஆல்பம் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 1988 வரைக்கும் மொத்தம் 741 வாரம் இருந்தது என்பார்கள். எனக்கு அந்த ஒரு அடி போதும்.

கடிதம் எழுதிய நண்பருக்கு உங்கள் மூலம் ஒரு அழைப்பு. சாயந்திரம் ஆறு மணிக்கு மெஷினை நிறுத்திவிடுவோம். எந்த நாளும் வரலாம். பி சைடு ஓட 43 நிமிஷம், டீ நம் செலவு. முகூர்த்த நாளாகப் பார்த்து வராதீர்கள், தவில்காரர் இருக்க மாட்டார்.

இப்படிக்கு,
ஒரு லேத் பட்டறைக்காரன்,
கே.புதூர், மதுரை.