நீ வைத்துவிட்டுப் போன கீபோர்டு

பாப்பாவுக்கு,

உன் மடக்குக் கீபோர்டு இங்கேதான் இருக்கிறது. தேடியிருந்தால் கேட்டிருப்பாய். ஐந்து வாரமாகக் கேட்கவில்லை. நீ கிளம்பிய அன்று சாயங்காலமே அம்மா பார்த்துவிட்டாள். மாடி அறை மேசையில் கீபோர்டு, சார்ஜ் ஒயர், போன் நிறுத்தும் குட்டி ஸ்டாண்டு மூன்றும் ஒன்றாக இருந்தன. மறந்திருப்பாள் என்றாள் அம்மா. ஒயரைச் சுருட்டி ரப்பர் போட்டு ஒழுங்காக வைத்துவிட்டு யாராவது மறப்பார்களா என்று எனக்குள் ஒரு கேள்வி. அம்மாவிடம் கேட்கவில்லை. இந்தக் கடிதத்தை அதில்தான் தட்டுகிறேன்.

எடுத்தபோது சார்ஜ் சுத்தமாக இறங்கியிருந்தது. லித்தியம் பேட்டரியைக் காலியாகப் போட்டு வைக்கக் கூடாது பாப்பா, நாளடைவில் கெட்டுவிடும். உபயோகிக்காவிட்டாலும் அவ்வப்போது ஏற்றி வைக்க வேண்டும். சரி, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

என் போனோடு இணைக்க ஒரு காலைப்பொழுது முழுக்க ஆனது. திரையில் 6 இலக்க எண் வந்தது. அதைப் போனிலேயே எங்கே போடுவது என்று தேடித் தேடிப் பார்த்தேன். கீபோர்டில்தான் அடித்து என்டர் தட்ட வேண்டும் என்பது மூன்றாவது தடவைதான் புரிந்தது. இணைந்ததும் திரையில் இருந்த எழுத்துப் பலகை மறைந்துவிட்டது. போன் கெட்டுவிட்டதென்று பயந்து அணைத்துப் போட்டேன். வெளியில் ஒரு கீபோர்டு கிடைத்துவிட்டால் திரைப் பலகை ஒதுங்கிக்கொள்ளும் என்று அப்புறம் தெரிந்தது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் இரண்டு நிமிஷ வேலை.

அதற்குப் பிறகும் ஆங்கிலம்தான் விழுந்தது. திரையில் தமிழ் வைத்திருந்தாலும் இதற்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. தமிழ்99 என்கிற தமிழ்த் தட்டச்சு முறையைத் தேர்ந்தெடுத்தேன். விசைகளின் மேல் தமிழ் எழுத்தே கிடையாது, அதனால் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் ஒட்டி வைத்துப் பழகினேன். இப்போது பாதிக்குத் தாள் வேண்டியதில்லை. எஃப் விசையிலும் ஜே விசையிலும் சின்ன மேடு இருக்கிறதே, ஆள்காட்டி விரல் இடம் தெரிந்துகொள்ள வைத்தது, அதில் எஃப் நமக்குப் புள்ளி, ஜே நமக்கு ப. புள்ளி வைக்கும் விசையில் தொட்டால் ஒரு புள்ளியே தட்டுப்படுகிறது. எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது.

உனக்கு இது தெரியுமா என்று தெரியவில்லை. தமிழ்99-ல் உயிரெழுத்தெல்லாம் இடது பக்கம், மெய்யெல்லாம் வலது பக்கம். வ-வும் ங-வும் மட்டும் கீழ் வரிசையில் இடது பக்கம் வந்துவிட்டன. உன் கீபோர்டு சரியாக நடுவில் மடிகிறது. அதாவது கீலுக்கு அந்தப்பக்கம் உயிர், இந்தப்பக்கம் மெய். இரண்டு கையும் மாறி மாறித் தட்டினால்தான் ஓர் எழுத்து முழுசாகிறது. அப்பா என்று எழுத அ, ப, ப, ஆ என்று நான்கே தட்டு. இரண்டு ப சேர்ந்து வந்தால் முதல் ப-வுக்குப் புள்ளி தானாக விழுந்துவிடுகிறது. ந-வுக்குப் பின் த வந்தாலும் அப்படித்தான். ப-வுக்கு அடுத்த விசை ம. விரல் ஒரு கட்டம் தள்ளிப்போனால் அப்பா அம்மாவாகிவிடுகிறது. எனக்கு இது அடிக்கடி நடக்கிறது.

உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று. நீ இதை மடியில் வைத்துத் தட்டுகிறாய். வேண்டாம். இரண்டாக மடிகிற பொருளை மடியில் வைத்தால் நடுவில் தொய்யும், கீலில் விழுகிற பளு உள்ளே போகும் மெல்லிய ஒயரையும் சேர்த்து இழுக்கும். மேசை மேல் வை. போனை ஸ்டாண்டில் கண் உயரத்துக்குத் தூக்கி வை. தரையில் கிடக்கிற திரையைப் பார்த்துக் குனிந்து தட்டினால், கீபோர்டு எவ்வளவு நல்லதாக இருந்தும் கழுத்துதான் போகும். நீ வந்திருந்தபோது கட்டிலில் சுவரில் சாய்ந்து, மடியில் இதை வைத்துக்கொண்டு, விளக்கும் போடாமல் தட்டிக்கொண்டிருந்தாய். தண்ணீர் குடிக்க எழுந்து வந்தபோது பார்த்தேன். மணி இரண்டே கால்.

இப்போதும் இரண்டரை, மூன்று மணிக்கு நீ போனைத் திறந்திருப்பது எனக்குத் தெரிகிறது. உன் பெயருக்குக் கீழே போட்டுக் காட்டுகிறது. உளவு பார்க்கிறேன் என்று நினைக்காதே. எழுந்ததும் முதலில் அதைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. வேலை அதிகமா? மேசையில் உட்கார்ந்து செய். மடியில் வைக்காதே.

என் பழைய பாம் (Palm) கையடக்கக் கணினி ஞாபகம் இருக்கிறதா? 1999 வாக்கில் அதற்கென்று நான்காக மடியும் கீபோர்டு வந்தது, நான் வேலைக்கு எடுத்துப் போவேனே, அதுதான். அதில் பேட்டரி கிடையாது. கருவியை அதன் மேலேயே செருகிவிட வேண்டும், மின்சாரம் அங்கிருந்து வரும். அப்புறம் அகச்சிவப்புக் கதிரில் ஒயர் இல்லாமல் வந்தவற்றுக்கு நேர்ப்பார்வை வேண்டும், நடுவில் கை மறைத்தால் எழுத்து நின்றுவிடும். இன்று புளூடூத் ரேடியோ அலை, 2.4 கிகாஹெர்ட்ஸ், பத்து மீட்டர் வரைக்கும் கவலையில்லை, போன் சட்டைப்பையில் இருந்தாலும் எழுத்து போய்ச் சேர்கிறது. நான் ஊரிலிருந்து திரும்பியதும் அந்தப் பழையதைப் பிடுங்கிக்கொண்டு விரிப்பதும் மூடுவதுமாக இருப்பாய். இடுக்கில் விரல் மாட்டிக்கொண்டு ரத்தம் கட்டியும் அழவில்லை, என்னிடம் காட்டவும் இல்லை. இரண்டு நாள் கழித்து அம்மாதான் கண்டுபிடித்தாள். எவ்வளவு தைரியம் என்று எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டேன். வலித்ததா என்று உன்னிடம் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

பாப்பா, மார்ச் மாதம் நீ எழுதியதற்கு வருகிறேன்.

அவ்வளவு நீளமாக நீ எழுதியதற்கு நான் "பார்த்துக்கொள்" என்று ஒரே ஒரு சொல் அனுப்பினேன். நீ வந்திருந்தபோது, கூடத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, "ஏம்ப்பா ஒரு வார்த்தையில முடிச்சிட்டீங்க?" என்று கேட்டாய். கண்ணாடித் திரையில் எனக்குத் தட்ட வராதும்மா, எழுத்தெல்லாம் மாறிப்போகிறது என்றேன். மறுநாள் கீபோர்டை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாய்.

நான் சொன்னது பொய். அதே வாரத்தில் லிஃப்ட் விஷயமாகக் குடியிருப்போர் சங்கத்துக்கு, அதே கண்ணாடித் திரையில், ஒற்றை விரலால், இரண்டு பக்கத்துக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். தேதி, ரசீது எண் எல்லாம் போட்டு. லிஃப்டுக்கு எழுத வந்தது.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். பதில் எழுதவும் எழுதினேன், அழித்தேன். "கொஞ்சம் பொறுத்துப் பார்" என்று எழுதினேன், அழித்தேன். அதை அனுப்பாததற்கு மட்டும் இன்று நிம்மதியாக இருக்கிறது. உன் மேல் கோபம் என்று நீ நினைத்திருப்பாய். கோபம் இல்லை. அந்த இடத்தை விசாரித்தது நான், நல்ல இடம் என்றது நான். மொட்டை மாடியில் துணி எடுக்க வந்தபோது, இன்னும் ஒரு தடவை யோசிக்கலாமாப்பா என்று நீ கேட்டாய். தேதி குறித்தாகிவிட்டது என்றேன். நீ மறுபடி கேட்கவில்லை, விரலைக் காட்டாத மாதிரியே. உன் கடிதத்தில் அந்த மாடியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இருக்குமோ என்று பயந்து பயந்துதான் நான்கு தடவையும் படித்தேன். என்னைக் காப்பாற்றுவதற்காக அதை விட்டுவிட்டாய் என்று புரிந்தபோது எனக்குக் கை ஓடவில்லை. நீ எடுத்த முடிவு சரி பாப்பா. மார்ச்சிலேயே இதை எழுதியிருக்க வேண்டும். அன்று மாடியில் உன் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும்.

அம்மாவுக்குக் கொஞ்ச நாளாகும். உன் அத்தை போன் செய்தால் எடுக்காதே, நான் பேசிக்கொள்கிறேன்.

கீபோர்டை அனுப்பட்டுமா, வந்து எடுத்துக்கொள்கிறாயா? அனுப்புவதென்றால் துணியில் சுற்றி, விசைகள் அழுந்தாதபடி கெட்டி அட்டைப்பெட்டியில் வைப்பேன். இது மூன்று கருவிகளை நினைவில் வைத்துக்கொள்கிறது. 1 உன் போன். என்னுடையதை 2-ல் சேர்த்தேன், உன்னுடையதை அழிக்கவில்லை. நேற்று கை தவறி 1 அழுந்திவிட்டது. நீல விளக்கு கொஞ்ச நேரம் மின்னி மின்னி உன் போனைத் தேடியது, அப்புறம் அணைந்துவிட்டது. திறந்த உடனே நீ தட்டலாம், மறுபடி இணைக்க வேண்டியதில்லை.

மேசையில் வைத்துத் தட்டு. ராத்திரி தூக்கம் வராவிட்டால் எனக்கு எழுது, நானும் விழித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அப்பா