அடிக்கப்பட்ட ஒரு சொல், ஒரு நட்சத்திரக் குறி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஃபாக்லாந்துப் போர்க் கட்டுரையை, தென் அட்லாண்டிக் தீவுகளுக்காக 1982-ல் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய கதையை, இரண்டு முறை படித்தேன். முதல் முறை வாசகனாக. இரண்டாம் முறை, பழக்கதோஷம், கையில் சிவப்புப் பேனாவோடு. முப்பத்தொரு வருஷம் ப்ரூஃப் பார்த்தவன் நான். கண் தானாகவே தப்பில் போய் நிற்கும்.

கட்டுரையில் இப்படி ஒரு வரி: "1982 ஜூன் 14 அன்று மேஜர் ஜெனரல் ஜெரமி மூரிடம் அர்ஜென்டினப் படைகள் நிபந்தனையின்றிச் சரணடைந்தன." தேதி சரி, பிரிட்டிஷ் தரைப்படைத் தளபதியின் பெயர் சரி, பதவி சரி. 'நிபந்தனையின்றி' மட்டும் தப்பு.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், அதே தப்பை நானும் செய்திருக்கிறேன் என்பதுதான். அப்போது ஒரு மாலைப் பத்திரிகையில் வேலை. டெலிபிரின்டரில் செய்தி வந்ததும் மொழிபெயர்த்தவர் 'நிபந்தனையற்ற சரணாகதி' என்று எழுதிக் கொடுத்தார். கம்போசிட்டர் கோத்தார். மை காயாத 'காலி' ப்ரூஃபில், அதாவது கோத்த எழுத்தின் முதல் நகலில், 'சரணாகதி'க்குக் கால் விட்டுப்போயிருந்ததைத் திருத்தினேன். பக்கத்துச் சொல்லைத் தொடவில்லை. தோற்றவன் கையெழுத்துப் போட்டால் அது நிபந்தனையற்றதாகத்தானே இருக்கும் என்று நினைப்பு. பல வருஷம் கழித்து அந்தச் சரணாகதிப் பத்திரத்தின் நகலை ஒரு புத்தகத்தில் பார்த்தபோதுதான் முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. தட்டச்சு செய்த காகிதம். அதில் அந்த ஒரு சொல்லின் மேல் பேனாக் கோடு. எங்கள் பாஷையில் சொன்னால், டிலீட்.

நடந்தது இதுதான். தீவுகளின் தலைநகரான போர்ட் ஸ்டான்லியைச் சுற்றியிருந்த குன்றுகள் ஒவ்வொன்றாக விழுந்துவிட்டன. அர்ஜென்டினத் தளபதி மரியோ மெனெண்டெஸ் பேச்சுக்கு வந்தார். லண்டனிலிருந்து தயாராகி வந்த வாசகத்தில் 'நிபந்தனையின்றி' என்று இருந்தது. அதற்கு மட்டும் கையெழுத்துப் போட முடியாது என்று மெனெண்டெஸ் மறுத்துவிட்டார். சரி, அடித்துவிடலாம் என்று மூர் ஒத்துக்கொண்டார்.

விட்டுக்கொடுத்துவிட்டாரே என்று தோன்றலாம். அவர் எதை விடவில்லை என்பதைப் பாருங்கள். மேற்கு ஃபாக்லாந்தில் போர்ட் ஹோவர்டிலும் ஃபாக்ஸ் பேயிலும் அர்ஜென்டினப் படைகள் பெரிய சண்டை எதுவும் போடாமல் உட்கார்ந்திருந்தன. சரணாகதி ஸ்டான்லியோடு நின்றிருந்தால் அங்கே இன்னொரு படையிறக்கம், இன்னும் சில நூறு பிணங்கள். அந்தத் தீவும் மற்ற சிறு தீவுகளும் சேர்த்தே பத்திரத்தில் ஏறின. 11,000-க்கும் மேற்பட்டவர்கள் கைதிகள் ஆனார்கள். தென்கோடிக் குளிர்காலம் தொடங்கிவிட்டது, பிரிட்டிஷ் பீரங்கிகளுக்குக் குண்டு குறைந்துகொண்டே வந்தது. இந்த நிலைமையில் ஒரு வினையடையைப் பிடித்துத் தொங்காதவரை எனக்குப் பிடிக்கிறது. என் தொழில் புத்தி அப்படி.

அதே பத்திரத்தில் இன்னொரு சங்கதி உண்டு. மூரின் பெயருக்குப் பின்னால் பட்டங்கள் வரிசையாக வரும். கடைசியில் எம்.சி., அதாவது 'மிலிட்டரி கிராஸ்' என்ற வீரப் பதக்கம், அதை ஒட்டி ஒரு நட்சத்திரக் குறி. நட்சத்திரத்தைப் பார்த்தால் அடிக்குறிப்பைத் தேடுவது எங்கள் ஜாதி. இதற்கு அடிக்குறிப்பு அந்தக் காகிதத்தில் இல்லை, 20 வருஷம் முன்னால் போர்னியோவில் ஒரு ஆற்றங்கரையில் இருக்கிறது. ஒரே வீரப் பதக்கத்தை இரண்டாம் முறை வாங்கினால் புதிதாக ஒன்று தரமாட்டார்கள். பழையதன் நாடாவில் ஒரு சின்னப் பட்டை ஏறும். எழுத்தில் அது நட்சத்திரம்.

1962 டிசம்பர் 8. புருனேயில் கலகம் வெடித்தது. பக்கத்தில் சரவாக்கைச் சேர்ந்த லிம்பாங் ஊரைக் கலகக்காரர்கள் பிடித்துக்கொண்டு, பிரிட்டிஷ் நிர்வாக அதிகாரியான ரெசிடெண்ட் ரிச்சர்ட் மோரிஸையும் அவர் மனைவியையும் இன்னும் சிலரையும் பிணையாக வைத்திருந்தார்கள். கொன்றுவிடுவார்கள் என்ற பயம். பிரிட்டிஷ் கடற்படையைச் சேர்ந்த தரைச்சண்டை வீரர்கள் மரீன்கள்; அவர்களுடைய 42 கமாண்டோ பிரிவில் எல் கம்பெனித் தலைவர் கேப்டன் மூருக்கு 34 வயது. ஆற்றைத் தவிர வழி இல்லை. ஆற்றில் போகப் போர்ப் படகும் இல்லை. கிடைத்தவை இரண்டு சரக்குப் பார்ஜுகள், சாமான் ஏற்றி இறக்குகிறவை. அவற்றில் மரீன்களை ஏற்றி, நிப்பா பனை அடர்ந்த ஆற்றில் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பி, 12-ம் தேதி விடியும் நேரத்தில் ஊர் முன்னால் போய் நின்றார். முதலில் சுடவில்லை. ஒலிபெருக்கியில் மலாயில் கூப்பிட்டுச் சொன்னார்கள்: கலகம் முடிந்துவிட்டது, ஆயுதத்தைப் போடுங்கள் என்று. பதிலுக்குக் குண்டுகள்தான் வந்தன. மரீன்கள் ஐந்து பேர் செத்தார்கள். பிணையாளிகள் அத்தனை பேரும் உயிரோடு மீண்டார்கள். உள்ளே அடைபட்டிருந்த மோரிஸ், சுட்டுவிடாதீர்கள் இங்கே நாங்கள் இருக்கிறோம் என்று தெரிவிக்க உரக்கப் பாட ஆரம்பித்தாராம்.

அந்தப் பார்ஜுகளை நடத்திப்போன கடற்படை அதிகாரி ஜெரமி பிளாக். 1982-ல் ஃபாக்லாந்துக்குப் போன விமானந்தாங்கிக் கப்பல் 'இன்வின்சிபிள்' அவர் தலைமையில்தான் போனது. இரண்டு ஜெரமிகளும் இரண்டு தடவையும் ஒரே காரியத்தில். கதையில் எழுதினால் நம்பமாட்டார்கள்.

மூருக்கு முதல் பதக்கம் மலாயாவில் கிடைத்தது. 1947-ல் மரீனில் சேர்ந்த சில வருஷங்களில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான காட்டுச் சண்டை. அந்த மரீன் படைப்பிரிவு 1950-52-ல் பேராக் மாநிலத்தில் இருந்தது. என் தாய்மாமா அப்போது அதே மாநிலத்தில் ஈப்போ பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். தொழிலாளர் குடியிருந்த லயத்தைச் சுற்றிக் கம்பிவேலி, பொழுது சாய்ந்தால் ஊரடங்கு, அரிசிக்குக்கூடக் கணக்கு. பச்சைத் தொப்பி போட்ட மரீன்கள் வரிசையாகக் காட்டுக்குள் போவதைப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் படையைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லாமல் விடக்கூடாது: வெட்டிய தலைகளைக் கையில் பிடித்தபடி ஒரு மரீன் நிற்கும் படத்தை 1952-ல் லண்டன் 'டெய்லி வொர்க்கர்' வெளியிட்டது, படம் உண்மைதான் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டது. இது மூரின் மேல் நான் போடும் பழி இல்லை. ஆனால் பதக்கம் கிடைத்த சண்டை எப்படிப்பட்டது என்று வாசகனுக்குத் தெரிய வேண்டும்.

நடுவில் உள்ள வருஷங்களை வேகமாகத் தாண்டலாம். 1972-ல் வட அயர்லாந்தில் 42 கமாண்டோவுக்கே தலைமை. பிறகு டீல் நகரில் மரீன்களின் இசைப் பள்ளிக்குத் தலைவர், ஆமாம், பேண்டு வாத்தியப் பள்ளிக்கூடம்தான். அப்புறம் பிரிகேடியர், மேஜர் ஜெனரல். 1982-ல் ஓய்வு பெறும் நிலையில் இருந்தவரை ஃபாக்லாந்து இழுத்துக்கொண்டது.

உங்கள் கட்டுரை அவரையே வெற்றியின் ஒற்றை நாயகனாகக் காட்டுகிறது. அதிலும் எனக்கு உடன்பாடில்லை. மே 21 அன்று சான் கார்லோஸில் படையை இறக்கிக் கரையில் நிலைநிறுத்தியவர் பிரிகேடியர் ஜூலியன் தாம்ப்சன். மூர் அப்போது 'குவீன் எலிசபெத் 2' கப்பலில் வந்துகொண்டிருந்தார். கப்பலின் செயற்கைக்கோள் தொடர்பு கெட்டுப்போய், கரையில் நடப்பது தெரியாமல் கடலில் மாட்டிக்கொண்டார். லண்டன் போட்ட நெருக்கடியை எல்லாம் தாம்ப்சன் தனியாகத் தாங்கினார். முதல் பெரிய தரைச்சண்டையான கூஸ் கிரீன் முடிந்து, மே 30 அன்றுதான் மூர் கரைக்கு வந்தார். ஜூன் 8 அன்று ஃபிட்ஸ்ராயில் 'சர் கலாஹட்' கப்பல் குண்டுபட்டு எரிந்து 48 பேர் மாண்டது அவர் தலைமையின் கீழ்தான். வெற்றியை அவர் கணக்கில் எழுதினால் அதையும் எழுத வேண்டும்.

அவருக்கு நான் முழு மார்க் போடுவது வேறொன்றுக்கு. சண்டை நடக்கும்போதே, காயம்பட்டவர்கள் விஷயம் பேச என்று பிரிட்டிஷ் தரப்பார் வானொலியில் ஸ்டான்லி மருத்துவமனையைத் தினமும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பேசியவர் ஸ்பானிஷ் நன்றாகத் தெரிந்த மரீன் கேப்டன் ராட் பெல். எதிர்முனையில் பதில் வராது. மரியாதையாக முடித்துக்கொள்ளலாமே என்று பெல் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் அங்கிருந்த டாக்டர் அலிசன் பிளீனி, அர்ஜென்டின அதிகாரி ஒருவரிடம் மன்றாடிப் பதில் பேச வைத்தார். அந்த வழியாகத்தான் ஜூன் 14 பேச்சுவார்த்தைக்குப் போனார்கள். லிம்பாங்கில் ஒலிபெருக்கிக்குக் கிடைக்காத பதில் ஸ்டான்லியில் வானொலிக்குக் கிடைத்தது.

அன்று ஸ்டான்லியில் கடை ஒன்றில் அடைந்து கிடந்த ஊர் ஜனங்களைப் பார்க்கப் போன மூர், தன் பெயரைச் சொல்லி, வந்துசேர இத்தனை நாளாகிவிட்டது என்று மன்னிப்புக் கேட்டாராம். லண்டனுக்கு அனுப்பிய தந்தியில், தீவுகள் மீண்டும் அவற்றின் மக்கள் விரும்பும் அரசாங்கத்தின் கீழ் வந்துவிட்டன என்று எழுதினார். அதில் 'வெற்றி' என்ற சொல் இல்லை, கவனித்தீர்களா? 1983-ல் ஓய்வு பெற்று 2007 செப்டம்பரில் இறந்தார்.

திருத்தம் போடுவதாக இருந்தால் அடுத்த இதழில் இப்படிப் போடுங்கள்: "'நிபந்தனையின்றி' என்பதை நீக்கி வாசிக்கவும்." 1982-ல் நான் விட்ட தப்புக்கும் அதுவே திருத்தமாக இருக்கட்டும், அந்த மாலைப் பத்திரிகை இப்போது வருவதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ப்ரூஃப் ரீடர்,
சாத்தூர்.