மேஜர் பூரின் 91.23: பட்டியல் போடும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ஒரே இங்கிலாந்து கிரிக்கெட் சீசனில் அதிக பேட்டிங் சராசரி வைத்தவர்கள் என்று நீ போட்ட பட்டியலில், ராபர்ட் பூர் பெயருக்கு எதிரே 'தென்னாப்பிரிக்கா' என்று இருக்கிறது. டெஸ்ட் கணக்கை மட்டும் பார்த்தால் அப்படித்தான் வரும். ஆனால் அவர் 1866-ல் டப்ளினில் பிறந்த ஆங்கிலேயர், 7-வது ஹுஸார்ஸ் குதிரைப்படை அதிகாரி. 1895-96-ல் ஹாக் பிரபுவின் இங்கிலாந்து அணி தென்னாப்பிரிக்கா போனபோது இவருடைய ரெஜிமென்ட் அங்கே இருந்தது. யார் எந்த நாட்டுக்கு ஆடலாம் என்பதில் அன்றைக்கு இவ்வளவு கறார் கிடையாது. கூப்பிட்டார்கள், மூன்று டெஸ்ட்டிலும் ஆடினார், ஒன்றும் எடுபடவில்லை. எதிரே பந்து போட்டவர் இங்கிலாந்தின் ஜார்ஜ் லோமன். தொடரில் 35 விக்கெட், ஒரு விக்கெட்டுக்குச் சராசரியாக 5.80 ரன்தான் கொடுத்தார்! போர்ட் எலிசபெத்தில் தென்னாப்பிரிக்காவின் மொத்த அணியும் 30 ரன்னில் சுருண்டது. அதை வைத்து பூரை எடை போடாதே.

அவர் ஆட்டம் தேறியது இந்தியாவில், பம்பாய் கவர்னர் ஹாரிஸ் பிரபுவிடம் ஏ.டி.சி.யாக, அதாவது ராணுவ உதவி அதிகாரியாக, இருந்த காலத்தில். புத்தகத்தைப் பார்த்தே பழகினார் என்பார்கள். ஆறடி நாலங்குல உயரம், கனமான மட்டை.

இனி அந்த 91.23 வந்த 1899 இங்கிலாந்து சீசன். மொத்தம் 1,551 ரன், 21 இன்னிங்ஸ், 4 முறை நாட் அவுட். 21-ஆல் வகுத்தால் 73.86-தான் வரும், அவுட் ஆன 17 முறையால்தான் வகுக்க வேண்டும், அப்போதுதான் 91.23. இதில் ஜூன் 12 முதல் ஆகஸ்ட் 12 வரையிலான இரண்டே மாதத்தில் ஏழு சதங்களுடன் 1,399 ரன், சராசரி 116.58. மீதி 152 ரன்னுக்கு ஐந்து முறை அவுட், அதாவது 30.40. பூர் அமெச்சூர், அதாவது தொழிலாக ஆடாதவர்; அமெச்சூருக்கு ஆட்டச் சம்பளம் கிடையாது. பூருக்குச் சோறு போட்டது ராணுவம், லீவு கிடைத்தால்தான் மைதானம். முழு சீசனும் ஆடிய தொழில்முறை ஆட்டக்காரரோடு ஒரே வரிசையில் வைக்கும்போது இன்னிங்ஸ் எண்ணிக்கையையும் பக்கத்திலேயே போடு. வாழ்நாள் முதல்தரச் சராசரி 38.66 என்பதையும் சேர்த்துவிடு. அதற்காக 91.23-ஐ லீவில் வந்தவரின் அதிர்ஷ்டம் என்று தள்ளவும் முடியாது. 1930-ல் பிராட்மேன் வந்துதான் அதைத் தாண்டினார்.

அதே சீசனில் டான்டனில் தன் கவுன்டி அணியான ஹாம்ப்ஷருக்காக சாமர்செட்டுக்கு எதிராக அடித்த 304-ஐத் தனியாகவே எழுது. ஆறாவது விக்கெட்டுக்கு கேப்டன் டெடி வின்யார்டுடன் 411 ரன்; வின்யார்ட் 225. ஹாம்ப்ஷர் 7 விக்கெட்டுக்கு 672-ல் டிக்ளேர் செய்தது. அந்த 304-ஐ ஹாம்ப்ஷர் அணியில் 1937-ல் டிக் மூர் 316 அடித்துத்தான் தாண்டினார்.

பழைய ஸ்கோர்கார்டில் தேடும்போது இன்னொரு சிக்கல் வரும். அமெச்சூருக்கு இனிஷியல் அல்லது 'மிஸ்டர்', தொழில்முறைக்காரருக்கு வெறும் குடும்பப் பெயர். ராணுவக்காரருக்குப் பதவிப் பெயர். பதவி உயர உயரப் பெயரின் முன்னொட்டும் மாறும். லெப்டினன்ட், கேப்டன், மேஜர் என்று ஒரே ஆள் மூன்று பேராகத் தெரிவார். ரெஜிமென்ட்டையும் ஆண்டையும் ஒத்துப் பார்த்த பிறகே கணக்கைக் கூட்டு.

1899 சீசன் முடிந்த கையோடு தென்னாப்பிரிக்காவில் போயர் போர். அதில் பூர் புரோவோஸ்ட் மார்ஷலாக, அதாவது ராணுவப் போலீஸ் தலைவராக, இருந்தார். ரன் பட்டியலில் அவர் பெயர் இல்லாத வருடங்களுக்கு 'ஃபார்ம் போய்விட்டது' என்று குறிப்பு எழுதியிருக்கிறாயே, அதை எடுத்துவிடு.

அப்படியே வின்யார்டையும் சரிபார். அவர் பிறந்தது சஹாரன்பூர், ஆடிய மூன்று டெஸ்ட்டும் இங்கிலாந்துக்கு. ஊரைப் பார்த்து அவரை இந்தியா பக்கம் தள்ளிவிடாதே.

அன்புடன்,
அண்ணன்