வாக்காளர் பட்டியல் நூலக மேசைக்கு வரட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வாக்குச்சாவடி வரை வந்து, “உங்க பேரு லிஸ்ட்ல இல்லம்மா” என்று கேட்டுத் திரும்பிப் போகிறவர்களை ஒவ்வொரு தேர்தலிலும் எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துத் தங்கச்சிமடத்தில் பார்க்கிறேன். கையில் வாக்காளர் அட்டை இருக்கும். அட்டை இருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் ஓட்டுப் போட முடியாது என்பது அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரியவருகிறது. அதற்குமேல் யாரிடம் முறையிட்டும் அந்தத் தேர்தலுக்குப் பயனில்லை. இந்த வேதனையைப் பெருமளவு தடுக்க எங்கள் கடற்கரை ஊர்களின் கிளை நூலகங்களாலும் ஊர்ப்புற நூலகங்களாலும் முடியும் என்று உறுதியாக நம்புகிறேன்.

பட்டியல் திருத்தக் காலத்தில் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீடு வீடாக வருகிறார்; பள்ளிக்கூடத்தில் சிறப்பு முகாமும் நடக்கிறது. ஆனால் பாசி எடுக்கப் போகும் பெண்கள் அந்த நேரம் கடலுக்குள் நிற்பார்கள். இரவெல்லாம் வலையோடு இருந்து விடியலில் மீன் இறக்கிவிட்டு வந்தவர் அசந்து தூங்குவார். முகாம் முடிந்த மறுநாள் வந்து கேட்டால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மட்டும்தான். நூலகமோ வாரம் முழுக்க ஊருக்குள்ளேயே இருக்கிறது. அங்கே அந்தந்த வாக்குச்சாவடிக்கு உரிய பாகத்தின் வரைவுப் பட்டியலை ஒரு மேசையில் வைத்தால், கடல் வேலை முடிந்து வருகிறவர் தன் பெயரைத் தானே தேடிப் பார்த்துக்கொள்வார். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிறவருக்கு வாசகர் வட்டத்தில் இருக்கும் எங்களைப் போன்றவர்கள் விரல் வைத்துக் காட்டுவோம். ஒரே பெயரில் நாலைந்து பேர் இருக்கிற ஊர்கள் இவை. தகப்பன் பெயரையும் கதவு எண்ணையும் ஒத்துப் பார்க்காமல் விட்டால் ஒருவர் பதிவு இன்னொருவரோடு குழம்பிப்போகும்.

படிவங்களின் குழப்பம் தனி. புதிதாகச் சேர 6, நீக்கவோ ஆட்சேபிக்கவோ 7, பிழை திருத்த 8. வீடு மாறினாலும் 2022 ஆகஸ்ட் முதல் 8ஆம் படிவம்தான். இன்றும் பலர் 6ஐ நிரப்பிக்கொண்டு அலைகிறார்கள். பதினெட்டு வயது நிறைந்திருக்கிறதா என்று கணக்கிடும் தகுதி நாளும் இப்போது ஆண்டுக்கு நான்கு: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. பதினேழு வயது முடிந்த பிள்ளை முன்கூட்டியே விண்ணப்பித்து வைக்கலாம். போட்டித் தேர்வுக்குப் படிக்க நூலகத்துக்கு வரும் இளைஞர்களிலேயே இது தெரியாதவர்கள் உண்டு. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்காக வந்த கணக்கீட்டுப் படிவத்தை எப்படி நிரப்புவது என்று தெரியாமல் எத்தனை வீடுகள் தவித்தன!

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி போன்ற ஊர்களில் வீட்டுக்கொரு சபராளியாவது, அதாவது வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போனவராவது, இருப்பார். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் இருப்பவர் 6ஏ படிவத்தில் தன் கடவுச்சீட்டில் உள்ள ஊர் முகவரிக்கே வாக்காளராகப் பதிவு செய்யலாம். ஆனால் தேர்தலன்று நேரில் வந்து, அசல் கடவுச்சீட்டைக் காட்டித்தான் ஓட்டுப் போட முடியும். விடுமுறையை அதற்கேற்பத் திட்டமிட நினைக்கிறவருக்கு இந்த விவரம் முன்கூட்டியே வேண்டாமா?

இன்னொன்றையும் நூலகத்தில் வைக்க வேண்டும். வேட்பாளர் தன் சொத்து, கடன், கல்வி, மீதுள்ள வழக்குகள் எல்லாவற்றையும் 26ஆம் எண் படிவத்தில் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்கிறார். அது தேர்தல் ஆணைய இணையதளத்தில் கிடைக்கிறது. அலைபேசித் திரையில் அத்தனை பக்கங்களை எங்கள் அம்மாக்கள் எப்படிப் படிப்பார்கள்? அச்செடுத்து, தொகுதியின் எல்லா வேட்பாளர்களுடையதையும் ஒன்றுவிடாமல், ஒரே கோப்பில் நாளிதழ் மேசையில் வைத்தால் போதும். யாருக்கு ஓட்டு என்று நூலகர் வாய் திறக்க வேண்டியதில்லை; திறக்கவும் கூடாது. இதைச் சொன்னபோது, தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருக்கும் நேரத்தில் நூலகத்துக்கு ஏன் வம்பு என்று ஒரு நண்பர் கேட்டார். வாக்காளர் பட்டியலும் பிரமாணப் பத்திரமும் எந்தக் கட்சியின் துண்டறிக்கையும் அல்ல, தேர்தல் ஆணையமே வெளியிடும் ஆவணங்கள். கட்சிக்கொடி நுழையாத இடம் என்பதால்தான் நூலகத்தைக் கேட்கிறேன்.

அமெரிக்காவில் 1993ஆம் ஆண்டின் தேசிய வாக்காளர் பதிவுச் சட்டமே, மாநிலங்கள் பொது நூலகங்களை வாக்காளர் பதிவு நிலையங்களாக அமர்த்தலாம் என்கிறது. நூலகம் விஷயத்தில் நாம் பின்தங்கியவர்கள் அல்ல. சுதந்திர இந்தியாவில் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியும் சேர்த்துக் கட்டுகிறோம். எங்கள் பணத்தில் நடக்கும் நூலகத்திடம் உரிமையோடு கேட்கலாம்.

உள்ளாட்சித் தேர்தலை நினைத்தால் கவலை கூடுகிறது. 2019 டிசம்பரில் ஊராட்சிகளில் ஒருவருக்கு நான்கு ஓட்டு: வார்டு உறுப்பினருக்கு வெள்ளைச் சீட்டு, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட உறுப்பினருக்கு மஞ்சள். இயந்திரத்தில் பொத்தான் அழுத்திப் பழகியவர்கள் நான்கு சீட்டில் முத்திரை குத்தி மடிக்க வேண்டும். முத்திரை இரண்டு சின்னங்களுக்கு நடுவில் விழுந்தால் அந்த ஓட்டு செல்லாமல் போகக்கூடும். அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்துவிட்டது. அடுத்த ஊராட்சித் தேர்தலுக்கு முன், கற்பனைப் பெயரும் சின்னமும் கொண்ட மாதிரிச் சீட்டுகளை நூலகத்தில் வைத்து, வருகிறவர்களை ஒருமுறை குத்திப் பார்க்கச் சொல்லலாம். பெண்கள் கூச்சமில்லாமல் சந்தேகம் கேட்பார்கள்.

மாவட்ட ஆட்சியரே மாவட்டத் தேர்தல் அலுவலர். அவரும் மாவட்ட நூலக ஆணைக்குழுவும் சேர்ந்து, திருப்பாலைக்குடியிலிருந்து சாயல்குடி வரை கடலோர நூலகங்கள் அனைத்துக்கும் பட்டியல் பிரதி, வெற்றுப் படிவங்கள், 1950 உதவி எண் எழுதிய பலகை ஆகியவற்றை அனுப்ப ஆணையிட வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுத் தொழிலாளர்கள் கரையில் இருக்கும் 61 நாள். அந்த நாட்களில் மாலை நேரத்தை இரண்டு மணி கூட்டித் திறந்து வைத்தால் எங்கள் வாசகர் வட்டத்தினர் முறைபோட்டு வந்து உட்காரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
தங்கச்சிமடம்.