புரத அளவு மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வளர்ப்பு மீன்களுக்கான தீவனம் பற்றிய பேச்சில் எப்போதும் புரதத்தின் சதவீதமே முன்னே நிற்கிறது. அதை மீனின் குடல் செரிக்குமா என்று யாரும் கேட்பதில்லை. கெண்டை மீனை அறுத்துப் பார்த்தால், உணவுக்குழாயை அடுத்து, சற்றே பருத்த முன்பகுதியுடன் நேராகக் குடலே சுருள் சுருளாகத் தொடங்குவதைக் காணலாம்; இரைப்பை கிடையாது. ஆகவே இரைப்பை சுரக்கும் அமிலமும், புரதத்தை உடைக்கும் பெப்சின் என்ற நொதியும் இன்றி, கணையத் திசு சுரக்கும் டிரிப்சின், கைமோடிரிப்சின் போன்ற நொதிகளைக் கொண்டே அது புரதத்தை உடைத்தாக வேண்டும். தீவனத்தில் சேர்க்கப்படும், போதிய வெப்பத்தில் பக்குவப்படுத்தாத சோயாவிலோ அந்த டிரிப்சினையே முடக்கும் பொருள் இருப்பதால், தீவன மூட்டையில் அச்சிடப்பட்ட புரதத்தில் ஒரு பகுதி செரிக்காமல் வெளியேறி, குளத்து நீரில் அழுகி அம்மோனியாவைக் கூட்டுகிறது. காசு கொடுத்து நீரைக் கெடுப்பது என்பது இதுதான்.

மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் கெண்டைக்கு அதிகம், ஊனுண்ணியான டிரவுட் மீனுக்குக் குறைவு; எனவே இரண்டுக்கும் ஒரே கலவை பொருந்தாது. நீர் குளிர்ந்தால் நொதிகளின் வேகமும் தணியும் என்பதால், பருவம் பாராமல் ஒரே அளவு தீவனம் இடுவதும் வீண். தயாரிப்பாளர்கள் மூட்டையின் மீது புரத அளவோடு, எந்த மீனுக்கு அது எவ்வளவு செரிக்கும் என்பதையும் சோதித்து அச்சிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மீன் வளர்ப்பில் ஈடுபாடுள்ள வாசகர்