விலையை அம்மாவிடம் சொல்ல வேண்டாம்

நிஷி கசாய், டோக்கியோ
நவம்பர் கடைசி ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். நீங்க எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீங்க. நான் கண் வைத்த கிட்டாரின் விலை அம்மா காதில் விழுந்தால் அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் கடிதம். படித்துவிட்டு மைக்செட் கடையிலேயே வைத்துக்கொள்ளுங்க.

இங்கே பெரும்பாலான கம்பெனிகளில் கோடையில் ஒன்று, டிசம்பரில் ஒன்று என்று வருஷத்துக்கு இரண்டு போனஸ். "டிசம்பர் பணம் வந்ததும் யமஹா கிட்டார வித்துட்டு நல்லதா ஒண்ணு வாங்கு, ஆயுசுக்கும் இருக்கும்" என்று நீங்க சொன்னாலும் சொன்னீங்க, சனிக்கிழமை ஆனால் கால் தானாக ஒச்சானோமிசுவுக்குப் போகிறது. எங்கள் பக்கத்திலிருந்து தோசாய் லைன் பிடித்து ஓத்தேமாச்சியில் மாறினால் போதும். ஸ்டேஷனிலிருந்து ஜிம்போச்சோ பழைய புத்தகக் கடைகள் வரை இறங்கும் சரிவு முழுக்கக் கிட்டார் கடைகள்தான். பேஸ் கிட்டாருக்குத் தனிக் கடை, இடது கைக்காரர்களுக்குத் தனிக் கடை. ஊரில் ஒரு செட் கம்பி வாங்க மதுரைக்கு ஆள் சொல்லிவிட்டது ஞாபகம் வந்து எனக்குக் கோபம்கூட வந்தது.

கடைக்காரர்கள் பழைய கிட்டாரை விற்கும் விதம் உங்களுக்குப் பிடிக்கும். கீறல் எங்கே இருக்கிறது, எந்த ஸ்க்ரூ மாற்றியது, கம்பியை அழுத்தும் கட்டையில் குறுக்கே பதித்த உலோகக் கோடு இருக்கிறதே, அந்த ஃபிரெட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று எல்லாவற்றையும் சீட்டில் எழுதி மாட்டியிருப்பார்கள். "ஃபிரெட் மிச்சம் 80 சதவீதம்" என்று பார்த்ததும் சிரித்துவிட்டேன். வாசித்துப் பார்க்கக் கேட்டால் சுருதி சேர்த்து, ஆம்ப்ளிஃபயரில் செருகி, ஸ்டூல் போட்டுக் கையில் கொடுப்பார்கள். யாரும் சத்தமாக வாசிப்பதில்லை. கல்யாண வீட்டில் சவுண்ட் டெஸ்ட் பண்ணுவது மாதிரி நீங்க இங்கே பண்ணினால் போலீஸ் வரும்.

சரி, என் கண் விழுந்தது எதில் என்றால், 1960களின் தொடக்கத்து வடிவத்தை அப்படியே திரும்பச் செய்த ஓர் அமெரிக்கக் கிட்டாரில். விலை 3 லட்சம் யென்னுக்கு மேல். ரூபாயில் ஒன்றே முக்கால் லட்சத்துக்குக் குறையாது. (சொன்னேனே, கடையிலேயே வையுங்க.) கையில் எடுத்ததும் காசு எங்கே போயிருக்கிறது என்று தெரிந்துவிட்டது. ஃபிரெட் ஓரம் ஒன்றுகூட விரலில் உரசவில்லை. தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் நட் எலும்பில் செதுக்கியது. நெக்கின் மேல் பூச்சு அத்தனை மெல்லிசு, மரத்தையே தொடுவது போல இருந்தது. ஃபிரெட் பதித்திருக்கும் கட்டையோ நம் ஈட்டி மரம்! பிரேசில் ஈட்டியை 1992இல் உலக வியாபாரத்திலிருந்தே விலக்கிவிட்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டிதான் இப்போது எங்கே பார்த்தாலும். அமெரிக்கா போய், கிட்டாராகி, ஜப்பானில் என்னிடமே விலை கேட்கிறது.

அரை மணி நேரம் கார்ட், அதாவது பல சுரங்களை ஒன்றாகச் சேர்த்து, வாசித்தேன். மணி மாதிரி கேட்டது. பிறகு நாம் கோயிலில் வாசிக்கும் கீர்த்தனை ஒன்றை எடுத்தேன். ஆனந்தபைரவி. காந்தாரத்தை அசைத்துப் பிடிக்க முதல் கம்பியைப் பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு மேலே இழுத்தால் சத்தம் பாதியில் செத்துப்போகிறது. கையை மாற்றி இழுத்தேன், வேறு ஃபிரெட்டில் இழுத்தேன், அதேதான்.

கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். அவர் இங்கிலீஷும் என் ஜப்பானியமும் சேர்ந்து நொண்டி, கடைசியில் பேப்பரில் படம் போட்டுக் காட்டினார். கம்பிக்கு அடியில் உள்ள கட்டை குறுக்குவாட்டில் தட்டையாக இருக்காது, லேசாக வளைந்திருக்கும். அந்தக் காலத்து வடிவத்தில் அது 7¼ அங்குல ஆரமுள்ள வட்டத்தின் துண்டு. கார்ட் பிடிக்க அந்த வளைவு சுகம், விரல் தானாக உட்காரும். ஆனால் ஓரத்துக் கம்பியை நடுவை நோக்கித் தள்ளும்போது அது மேட்டில் ஏற வேண்டும். ஏறும்போது அடுத்தடுத்த ஃபிரெட்டுகளில் முட்டி ஊமையாகிவிடும். கம்பியை உயரத் தூக்கி வைத்தால் சரியாகும் என்றார். உயரத் தூக்கி வைத்த கம்பியில்தானே உங்க பழைய கிட்டாரில் என் விரல் பழுத்தது! அதற்கு இத்தனை லட்சம் எதற்கு?

வீட்டுக்கு வந்து என் யமஹா பாசிஃபிகாவின் கணக்கைத் தேடிப் பார்த்தேன். அதன் ஆரம் 13¾ அங்குலம், ஏறக்குறைய இரண்டு மடங்கு தட்டை. நாற்பதாயிரம் யென் சொச்சத்துக்கு வாங்கியது, அதே இடத்தில் அதே காந்தாரத்தை முழுசாகப் பாடுகிறது. எலெக்ட்ரிக் கிட்டாரிலேயே கர்நாடகக் கச்சேரி செய்கிறார் பிரசன்னா. அவர் வாசிப்பைக் கேட்கும்போது இடது கை எவ்வளவு இழுக்கிறது என்று பாருங்க. நமக்கு வேண்டியது அந்த இழுப்புக்கு இடம் கொடுக்கிற கட்டை. விலைச்சீட்டில் அதற்குத் தனியாக இடமில்லை.

"அப்போ தட்டையான கட்டை உள்ள விலை கூடினதை வாங்கு" என்பீங்க. இருக்கின்றன, ஏராளமாக இருக்கின்றன. 1982இல் அமெரிக்கக் கம்பெனி ஃபெண்டர் ஜப்பானில் கிட்டார் செய்ய ஆரம்பித்தபோது மட்சுமோட்டோவில் உள்ள ஃபுஜிகென் தொழிற்சாலைதான் செய்துகொடுத்தது. அந்தக் காலத்து ஜப்பான் கிட்டார்களுக்கு இப்போது தனி மவுசு. 9½ அங்குல ஆரத்தில் நல்ல கிட்டார் இங்கே பாதி விலைக்குக் கிடைக்கும். அதையும் வாசித்தேன். நன்றாகத்தான் இருந்தது. என்னுடையதைவிட இரண்டு மடங்கு நன்றாக இருந்ததா என்றால், இல்லை.

இன்னொன்று. நான் வாசிப்பது எங்கே? சுவர் அட்டை மாதிரி இருக்கிறது, பக்கத்து வீட்டுத் தாத்தா தும்மினால் இங்கே கேட்கும். வாடகை ஒப்பந்தத்திலேயே வாத்தியம் கூடாது என்று போட்டிருக்கிறது. ஆகவே ஆம்ப் இல்லை, பாக்கெட்டில் அடங்குகிற ஒரு ஹெட்போன் ஆம்ப்தான். கம்பியின் அதிர்வைப் பிடித்து மின்சாரமாக்குகிற பிக்கப் நாற்பதாயிரத்துக் கிட்டாரில் இருந்தாலும் மூன்று லட்சத்துக் கிட்டாரில் இருந்தாலும், அதற்குள் போனால் அண்ணன் தம்பி மாதிரித்தான் வெளியே வருகின்றன. மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் பயிற்சி ஸ்டூடியோ ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தனி ஆளாகப் போனால் ஒரு மணி நேரத்துக்கு ஆயிரம் யென்கூட ஆகாது. உள்ளே ரோலன்ட் ஜேசி-120. 1975இல் வந்த ஆம்ப், ஜப்பானில் எந்த ஸ்டூடியோவைத் திறந்தாலும் அது உட்கார்ந்திருக்கும். இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர், ஒவ்வொன்றுக்கும் 60 வாட். என் யமஹாவை அதில் செருகிய அன்றைக்குத்தான் அதன் உண்மையான குரலையே கேட்டேன். காசைப் போட வேண்டிய இடம் அது என்று தோன்றுகிறது.

உங்களுக்கென்றே ஒரு சேதி. ஜப்பானில் கரண்ட் 100 வோல்ட். டோக்கியோ பக்கம் நம்மூர் போல 50 சைக்கிள், ஓசாகா பக்கம் 60. ஆரம்ப காலத்தில் ஒரு பக்கம் ஜெர்மன் ஜெனரேட்டரும் மறு பக்கம் அமெரிக்க ஜெனரேட்டரும் வாங்கினார்கள், இன்றுவரை நாடு இரண்டாகவே ஓடுகிறது. ஒரே கம்பிச்சுருள் உள்ள சிங்கிள் காயில் பிக்கப் உங்க ஆம்பில் போடும் அந்த உம்ம் இங்கேயும் அதே சுருதியில் கேட்கிறது. 50க்கு 60 என்பது ஐந்துக்கு ஆறு. டோக்கியோ இரைச்சலை ஷட்ஜமாக வைத்தால் ஓசாகா இரைச்சல் சாதாரண காந்தாரம்! ஆபீசில் இதைச் சொன்னேன், யாரும் சிரிக்கவில்லை.

ஆக, இந்த டிசம்பரில் புதுக் கிட்டார் இல்லை. இழுத்து இழுத்து யமஹாவின் ஃபிரெட் பள்ளம் விழுந்துவிட்டது. அதைச் சமன் செய்து, எலும்பு நட் போட்டு, மொத்தமாகச் சரிபார்த்துக் கொடுக்க ஒச்சானோமிசுவில் ஒருவர் 25,000 யென் கேட்கிறார். அதைக் கொடுக்கிறேன். அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாக அனுப்புகிறேன், அதை மட்டும் அம்மாவிடம் சொல்லலாம். மிச்சம் ஸ்டூடியோவுக்கு.

ஆசை போய்விட்டதா என்று கேட்காதீங்க. போன சனிக்கிழமையும் அந்தக் கடைக்குள் நுழைந்து அதே சுவரைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். இன்னும் விற்கவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும் தீர்த்துவையுங்க. நடுப் பிக்கப்பை மாற்றலாமா என்று யோசிக்கிறேன், சால்டரிங் அயர்ன் நானே வாங்கிவிட்டேன். கம்பிகள் முடியும் பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) இருக்கிறது, மற்ற இரண்டும் சிங்கிள் காயில், எல்லாவற்றுக்கும் ஒரே வால்யூம். வால்யூம் கன்ட்ரோல் ஹம்பக்கருக்கு 500 கே (கிலோ ஓம்), சிங்கிளுக்கு 250 கே என்கிறார்கள். இரண்டும் கலந்திருந்தால் நீங்க எதைப் போடுவீங்க? வயரிங்கைப் பேப்பரில் வரைந்து போட்டோ எடுத்து அனுப்புங்க. போனில் சொல்லாதீங்க.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உங்கள் தங்கை