ஜெர்மன் வரவில்லை என்று அழுத மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி வார்டில் அந்தப் பாட்டி ஜெர்மனில் ஏதோ கேட்டதும், நன்றாகப் புரிந்தும், வாய் வராமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்ததாகச் சொன்னாய். "28 வயசுக்கு மேல புதுசா ஒரு பாஷை வராதும்மா" என்று அழுதாய். அப்போது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த வயசுக் கதை. பருவ வயதைத் தாண்டினால் மொழி தானாக ஒட்டாது என்று 1967-ல் எரிக் லெனபெர்க் என்ற ஆய்வாளர் எழுதினார். ஊரெல்லாம் அதையே பிடித்துக்கொண்டது. ஆனால் நீ இருக்கும் நாட்டுக்குப் பக்கத்திலேயே, நெதர்லாந்தில், டச்சு கற்றுக்கொண்டிருந்த ஆங்கிலக்காரர்களை இரண்டு பெண் ஆய்வாளர்கள் ஓராண்டு கவனித்து 1978-ல் எழுதினார்கள். ஆரம்ப மாதங்களில் வேகமாகக் கற்றவர்கள் 12 வயதைத் தாண்டிய பிள்ளைகளும் பெரியவர்களும்தான். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் கடைசி. நாள்பட்டால் சின்னப் பிள்ளைகள் முந்திவிடுவார்கள், உச்சரிப்பில் முக்கியமாக. உனக்கு அந்த உச்சரிப்பா இப்போது அவசரம்? பாட்டிக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

எனக்கு உறுத்தியது வேறு. "எல்லாம் புரியுது, பேசத்தான் வரல" என்றாய் பார், அது. கனடாவில் ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கு பாடங்களைப் பிரெஞ்சிலேயே நடத்தும் பள்ளிகள் உண்டு. அங்கே ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை மெரில் ஸ்வெய்ன் என்ற ஆய்வாளர் சோதித்துப் பார்த்தார். கேட்டுப் புரிந்துகொள்வதில் பிரெஞ்சுக்காரப் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய சமம். பேச்சிலும் எழுத்திலும் இலக்கணம் தடுமாறியது. இத்தனை வருஷம் காதில் விழுந்தும் ஏன்? வகுப்பில் பேசியது பெரும்பாலும் ஆசிரியர்கள்தான். பிள்ளைகள் முழு வாக்கியம் கட்டியே தீர வேண்டிய நெருக்கடி வரவில்லை. புரிந்துகொள்ளச் சில சொற்களைப் பிடித்தால் போதும். பேசும்போதுதான் எந்தச் சொல் எங்கே, எந்த விகுதி என்று ஒவ்வொன்றாக முடிவு செய்தாக வேண்டும் என்று 1985-ல் அவர் எழுதினார். நீ ஓய்வறையில் கேரளப் பெண்களோடு ஆங்கிலத்திலேயே இருக்கிறாய் என்றபோது எனக்கு அந்தப் பிள்ளைகள்தான் ஞாபகம் வந்தார்கள்.

நமக்கு எட்டுவதற்குச் சற்றே மேலான பேச்சைக் கேட்டுப் புரிந்துகொண்டே வந்தால் மொழி தானே வந்துவிடும் என்பார் ஸ்டீபன் கிராஷன் என்ற மொழியியலாளர். அது பாதி சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் மனசில் பயம் இருந்தால் காதில் விழுவது உள்ளே இறங்காது என்றாரே, அதை முழுசாக நம்புகிறேன். உன்னை இப்போது பிடித்திருப்பது அதுதான்.

தப்பு வந்துவிடும் என்ற பயத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று யோசித்தேன். டீச்சர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் ஊருக்குப் போனதைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதியிருந்தான். 'வென்ட்' என்று வர வேண்டிய இடத்தில் 'கோ'வோடு 'ஈ, டி' சேர்த்திருந்தான். சிவப்பு மையில் சுழித்து, 20 தடவை எழுத வைத்தேன். அப்புறம் அவன் நான்கு வரிக்கு மேல் எழுதவே இல்லை. யாரும் சொல்லாத சொல் அது. விதியைத் தானே கண்டுபிடித்துப் போட்டுப் பார்த்திருக்கிறான். கற்பவர் செய்யும் பிழை அவர் மனசில் ஓடும் இலக்கணத்தைக் காட்டுகிறது என்று பிட் கார்டர் என்ற மொழியியலாளர் 1967-லேயே எழுதிவிட்டார். நான் அதைப் படித்தபோது அந்தப் பையன் பள்ளியை விட்டுப் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. இன்னும் மனசு ஆறவில்லை.

நீயும் அதைத்தான் செய்கிறாய். 'இஷ் ஹாபெ கைனெ ட்ஸைட்' (எனக்கு நேரமில்லை) என்பது, 'ஏனென்றால்' என்ற பொருளில் 'வைல்' வந்ததும் 'வைல் இஷ் கைனெ ட்ஸைட் ஹாபெ' ஆகிவிடுகிறது, வினை கடைசிக்கு ஓடிவிடுகிறது என்று சொன்னாயே. தமிழில் வினைக்கு அதுதானே இடம். 'வைல்' இல்லாதபோதும் நீ அதைக் கடைசியில் வைத்தால் நம் பேச்சு அங்கே எட்டிப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

இன்னொருவர், ரிச்சர்ட் ஷ்மிட். மொழியியல் பேராசிரியர். பிரேசிலில் ஐந்து மாதம் இருந்து போர்ச்சுகீஸ் கற்றபோது நாட்குறிப்பு எழுதினார். தினமும் காதைக் கடந்துபோன வடிவங்கள்கூட, ஒருமுறை கவனித்த பிறகுதான் தெருவில் தனியாகக் கேட்க ஆரம்பித்தன, அவர் பேச்சிலும் வந்தன. நீயும் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள். ஒரு ஷிஃப்டுக்கு ஒரு வாக்கியம், அந்தப் பாட்டி வாயிலிருந்து வந்தபடியே.

ஞாயிற்றுக்கிழமை போனில் அதை ஜெர்மனிலேயே எனக்குச் சொல்லு. எனக்குப் புரியாது. இருந்தாலும் முழுசாகச் சொல்லு கண்ணு, நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
அம்மா